வாசலில் நின்று சொன்ன பெயர்

சிலிப்பர் நனைந்திருந்தது.

காலையில் வாசல் கூட்ட வந்த நேசம்மா அதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத்தான் மனத்துக்குள் திட்டினாள். துறைமுகத்துக்குப் பக்கத்துப் பண்டமாரானில் மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை. வாசல் சிமெண்டு காய்ந்து வெளுத்துக் கிடந்தது, பூச்சட்டிக்கு அவள் இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை, தெருக் கால்வாய்கூட வறண்டு நாறிக்கொண்டிருந்தது. ஆனால் வாசற்படியில், முனை வீட்டுக்குள் பார்க்கும்படி ஜோடியாக வைத்திருந்த நீல ரப்பர் ஜப்பான் சிலிப்பர் மட்டும் ஊறிப்போய், கால் பதியும் குழிவில் கறுப்புச் சேறு படிந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாள். கடலோரச் சதுப்பில் மரவேர் அழுகும் வாடை. அதற்கு மேலே மெல்லிய டீசல் நெடி.

கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இன்னொரு தடவை கழுவினாள். வாடை போகவில்லை.

அந்தச் சிலிப்பரை இரண்டு மாதமாக யாரும் போட்டதில்லை. போட்டுக்கொள்ள வேண்டியவர் அவள் புருஷன். போர்ட் கிள்ளானில் தக்போட் என்கிற இழுவைப் படகு ஒன்றில் இஞ்சின் வேலை பார்த்தவர். 1984ஆம் ஆண்டு மே மாதம் ஒரு விடியற்காலை, பெரிய கப்பலை இழுக்கப் போன அந்தத் தக்போட் கவிழ்ந்தது. உள்ளே இருந்த மூவரில் இரண்டு பேரின் உடல் மறுநாளே கிடைத்துவிட்டது. அவள் புருஷனுடையது கிடைக்கவில்லை. ஒன்பது நாள் தேடினார்கள், அப்புறம் கையை விரித்துவிட்டார்கள்.

கிள்ளானில் அவர்களுடைய சபையின் வயதான போதகர் வந்து, ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம் அவளோடு உட்கார்ந்திருந்தார். புறப்படும்போது, உடல் இல்லாவிட்டால் என்ன, ஒரு நினைவு ஆராதனை வைப்போம், அழ வேண்டியதை அழுது தீர்த்து அவரை ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்துவிடுவோம் என்றார். அன்றைக்கே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் வந்து சேர்ந்தார் பிரதர் விஜயன்.

தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ்காரர். பகலில் இன்ஷுரன்ஸ் ஏஜெண்ட், மற்ற நேரத்தில் வெள்ளை வேனில் ஒரு ஜெபக்குழுவை ஏற்றிக்கொண்டு கஷ்டப்படுகிறவர்களைத் தேடிப் போகிறவர். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அலைகிற ஆளும் இல்லை. ஒரு வெள்ளிக் காசுகூட வாங்கியதில்லை. அதுதான் கொடுமை. காசுக்கு வந்தவனாக இருந்தால் துடைப்பத்தைக் காட்டி விரட்டியிருப்பாள். இந்த மனுஷன் சொன்னதையெல்லாம் முழுசாக நம்பினார்.

"பாடி கிடைக்கலன்னா என்ன அர்த்தம் சிஸ்டர்? ஆள் இருக்காருன்னு அர்த்தம். ஆராதனை வச்சீங்கன்னா நீங்களே அவரைக் குழியில தள்ளுன மாதிரி லா."

அதற்குப் பிறகு சட்டங்கள் வந்தன. அழக் கூடாது, அழுகை அவிசுவாசம். செத்துவிட்டார் என்ற வார்த்தை வீட்டில் கேட்கக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் அவருக்கும் ஒரு தட்டு. அவர் சிலிப்பர் உள்ளே பார்த்தபடி வாசலில். நாற்பது நாள், பொழுது சாயும் நேரத்தில் வாசலில் நின்று மூன்று தடவை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாற்பதாம் நாள் குழு முழுவதும் வரும், கதவைத் திறந்து வைத்துக் கூப்பிடுவார்கள், அவர் நடந்து வீட்டுக்குள் வருவார்.

நேசம்மா பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடப் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. அவள் தாய்க்கும் அந்தப் பழக்கம் இல்லை, மாமியாருக்கும் இல்லை. "இங்க பாருங்க", "சலோமி அப்பா", அதோடு சரி. ஆஸ்பத்திரி கவுண்டரில் பெயர் கேட்டால் அவருடைய ஐ.சி. அடையாள அட்டையை நீட்டுவாளே தவிர வாயைத் திறக்கமாட்டாள். அவர் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார். அப்படிப்பட்டவளை முதல் நாள் வாசலில் நிறுத்தி, சொல்லுங்க சிஸ்டர், சத்தமா சொல்லுங்க என்று பதினொரு பேர் சுற்றி நின்றார்கள். "சீவரத்தினம்" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். தெருவில் துணியில்லாமல் நின்றதுபோல் அவளுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நன்றாகத் தூங்கினாள். ஏமாறுகிறவளுக்கும் நம்பிக்கை இனிக்கத்தான் செய்யும்.

சிலிப்பர் நனைந்த காலை முப்பத்தேழாம் நாள்.

அன்று பொழுது சாயும்போது கூப்பிட வாசலுக்கு வந்தவளுக்கு நாக்கு புரளவில்லை. துறைமுகம் போகும் லோரிகளின் சத்தம் பெரிய ரோட்டில் தேய்ந்து கேட்டது, சூராவு எனும் சின்னப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள், எதிர் வீட்டு டிவியின் நீல வெளிச்சம் கண்ணாடியில் ஆடியது, தெரு முனையில் எரியாத விளக்குக் கம்பத்துக்குக் கீழே இருட்டு மற்ற இடங்களைவிட ஒரு பிடி கூடுதலாகக் குவிந்திருந்தது. கடமைக்கு மூன்று தடவை பெயரைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவின் மறுபக்கம் யாரோ மூச்சை இழுத்துவிட்டது போல இருந்தது. காற்றாக இருக்கும்.

சாப்பிடும்போது சலோமி, ஒன்பது வயது மகள், அப்பாவின் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நேத்து அப்பா ஜன்னல்கிட்ட வந்தாரும்மா."

"கனவு கண்டிருப்ப."

"இல்லம்மா. கதவைத் தொறன்னு சொன்னாரு. நாற்பது நாள் ஆகட்டும்னு பிரதர் சொல்லியிருக்காரு, அப்பறம் தொறக்கறேன்னு சொன்னேன். சரின்னாரு."

நேசம்மாவின் கையில் இருந்த சோறு தட்டிலேயே விழுந்தது. பிள்ளையின் முகத்தில் பயமே இல்லை. கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணுகிற பிள்ளையின் முகம் அது. பன்னிரண்டு வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவள், தன் பிள்ளைக்கு யாரோ எதையோ சொல்லிக்கொடுக்க விட்டுவிட்டாள்.

மறுநாள் துணி காயப் போடும்போது பக்கத்து வீட்டு மாரியாயி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். காரி தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிவிட்டு நகரத்துக்கு வந்தவள், தினமும் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறவள், வேறு மதத்தார் விஷயத்தில் தலையிடாதவள்.

"நேசம், நான் ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க அக்கா."

"விளக்கு வைக்கிற நேரத்துல வாசல்ல நின்னு ஒருத்தர் பேரைக் கூப்பிடாதம்மா. பேருக்கு உரியவங்க மட்டுமா கேட்டுக்கிட்டு இருப்பாங்க?" கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். "நேத்து ஒம் புருஷன் மாதிரியே ஒருத்தர் ஒங்க வாசல்ல நின்னாரு. நான் பார்த்தேன். முதுகுதான் தெரிஞ்சுது. ரொம்ப நேரம் நின்னாரு, நேசம். கதவைத் தட்டவே இல்ல. தட்டத் தெரியாத மாதிரி நின்னாரு."

மூலைக் கடைப் பொதுத் தொலைபேசியிலிருந்து விஜயனைக் கூப்பிட்டாள். சிலிப்பர், சேறு, ஜன்னல், மாரியாயி பார்த்தது எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் அந்த மனுஷன் சந்தோஷத்தில் அழுதார்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். பக்கத்துல வந்துட்டாரு பாருங்க."

"அண்ணே, எனக்குப் பயமா இருக்கு. அது அவர் இல்லன்னா?"

"பயம் யார்கிட்டேருந்து வருதுன்னு உங்களுக்கே தெரியும். இன்னும் ரெண்டு நாள். ஒங்க சந்தேகத்தால அவர் திரும்பிப் போயிட்டாருன்னா அந்தப் பாவம் ஒங்க தலையிலதான் லா."

போனைத் தடாலென்று வைத்தாள். பயத்தில் பாதி. மற்றப் பாதி ஆத்திரம். புருஷனைக் கடல் கொண்டுபோனது. அழுகையை இந்த மனுஷன் கொண்டுபோனார். இப்போது பயப்படக்கூட அனுமதி இல்லையாம். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு, வலிக்கிறது என்று சொன்னால் பாவமாம். போகிற வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஆண்டவர்மேலும் கோபம் வந்தது. அதை அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் அவள் கூப்பிடவில்லை. சிலிப்பரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தெருக் குப்பைத் தொட்டியில் போட்டாள். ஆறு மணிக்கே கதவைத் தாழிட்டு, ஜன்னல்களை அடைத்து, சலோமியைக் கூடத்தில் தன் பக்கத்தில் உட்கார வைத்து வீட்டுப்பாடம் எழுதச் சொன்னாள். உள்ளே புழுங்கியது. மேலே விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. பாங்குச் சத்தம் கேட்டு முடிந்தது. எதிர் வீட்டு டிவியில் செய்தி ஆரம்பமாகும் இசை. பிறகு அந்த இசை, யாரோ நடுவில் வந்து நின்று மறைத்ததுபோல, அமுங்கியது.

டீசல் வாடை.

சேற்று வாடை.

கதவில் ஒரு தட்டு. விரல் முட்டியால் இல்லை. உள்ளங்கையை முழுதாக விரித்து, ஈரத் துணியால் அடிப்பதுபோல. பொத்.

"சிஸ்டர் நேசம்மா."

அவருடைய குரல். அந்தக் கரகரப்பு, மூக்கில் இழுக்கிற அந்தத் தொனி. பதினோரு வருஷம் காதோடு கேட்ட குரல். அவள் எழுந்தே விட்டாள். நாலு எட்டு நடந்தும் விட்டாள். தாழ்ப்பாளில் கை வைத்த பிறகுதான் வார்த்தை மூளையில் ஏறியது.

சிஸ்டர்.

"யாரு?" என்றாள்.

"சீவரத்தினம். சகோதரன் சீவரத்தினம். ஆஸ்பத்திரியில இல்ல. சவக்கிடங்குல இல்ல. உயிரோட இருக்கேன். நடந்து வரேன்."

விஜயன் ஜெபத்தில் சொல்லும் வரிசை. மூச்சு விடும் இடம்கூட அதே இடம். அவள் புருஷனின் குரலில், விஜயனின் ஏற்ற இறக்கம். நேசம்மாவின் முதுகில் வியர்வை கோடாக இறங்கியது. அது அவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறது. அவர்கள் சத்தம்போட்டுச் சொன்னதெல்லாம் வெளியே எதன் காதிலோ விழுந்து, அது அத்தனையையும் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

"அப்பா வந்துட்டாரும்மா. தொறங்க." சலோமி ஓடிவந்து தாழ்ப்பாளை எட்டினாள். நேசம்மா அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை திமிறியது, கடித்தது, அப்பா அப்பா என்று அலறியது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. தாழ் பாதி நகர்ந்துவிட்டது.

"கேளு," என்றாள் நேசம்மா, மூச்சு வாங்க. "ஒங்கப்பா ஒன்ன என்னான்னு கூப்பிடுவாரு? அதக் கேளு. சரியாச் சொன்னா நானே தொறக்கறேன்."

சலோமி நின்றாள். தக்போட் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவர் வாசலில் விறைப்பாக நின்று சலாம் வைப்பார். இஞ்சின் ரெடி, கேப்டன் என்பார். சலோமி உள்ளே வரலாம் என்று உத்தரவு கொடுத்தால்தான் வருவார். வீட்டு மனிதர்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விளையாட்டு. எந்த ஜெபத்திலும் யாரும் அதைச் சொன்னதில்லை.

"அப்பா," என்றது பிள்ளை, கதவில் வாயை வைத்து. "நான் யாரு?"

விசிறி சுற்றியது.

"சலோமி."

"இல்ல. நான் யாரு?"

கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு அதே அன்பான குரலில், ஜெபக்குழு வேண்டிக்கொள்ளும் வரி, ஒவ்வொரு வார்த்தையாக:

"ஒன்பது வயசுப் பெண் பிள்ளை சலோமிக்காக. தகப்பன் இல்லாத வீட்டுக்காக."

சலோமி பின்னால் நகர்ந்தாள். ஒரு எட்டு. இன்னொரு எட்டு. அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். அவளுக்கு ஒன்றுக்குப் போய்விட்டது.

பொத். பொத். கதவு குலுங்கியது. அடியில் இருந்த இடுக்கு வழியாகக் கறுப்புத் தண்ணீர் வந்தது. விரல் அகலம். கை அகலம். தாழ்ப்பாள் தானாக ஆடியது.

நேசம்மா ஜெபம் பண்ண வாயைத் திறந்தாள். விஜயன் கற்றுக்கொடுத்த வார்த்தைகள்தான் முதலில் வந்தன. உயிரோடிருக்கிறார், வருகிறார். சொல்லும்போதே வெளியிலிருந்து, "ஆமென்" என்றது அது.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. பயத்தைவிடப் பெரியதாக, இரண்டு மாதமாக அடைத்து வைத்திருந்தது அத்தனையும் தொண்டைக்கு ஏறியது.

"ஆண்டவரே, அவர் செத்துட்டாரு." முதல் தடவையாகச் சொன்னாள். "செத்துட்டாரு. நீங்க காப்பாத்தல. கேட்டேன், காப்பாத்தல. எனக்கு ஒங்க மேல கோபம். நல்ல மனுஷன். தண்ணியில மூச்சுத் திணறும்போது எங்க போயிருந்தீங்க? பதில் சொல்ல வேணாம். ஆனா இந்தப் பொய்யை இனிமே நான் சொல்லமாட்டேன். அவர் ஒங்ககிட்டதான் இருக்காரு. வெளிய நிக்கிறது அவர் இல்ல. என் புருஷனை நீங்க வச்சுக்குங்க. எங்களை விட்டுப் போயிடாதீங்க. இங்க உட்காருங்க. எங்கூட இங்க உட்காருங்க."

அதற்கு வெளியிலிருந்து ஆமென் வரவில்லை.

அவள் தரையில், பிள்ளையின் மூத்திரத்திலும் கறுப்புத் தண்ணீரிலும் சப்பணமிட்டு உட்கார்ந்து அழுதாள். ஓங்கி அழுதாள். மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். சலோமியும் சேர்ந்து அழுதாள். பயம் போய்விடவில்லை, கதவு இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அழ அழ, வயதான போதகர் அன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்திருந்ததுபோல் யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. இருந்தார், அவ்வளவுதான். எப்போது கதவுச் சத்தம் நின்றது என்று அவளுக்குத் தெரியாது. எதிர் வீட்டு டிவி திரும்பவும் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் காலையில் போதகரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை நினைவு ஆராதனை வையுங்கள் என்றாள். அவர் ஏன் இப்போது என்று கேட்கவில்லை. வெள்ளைச் சேலை ஒன்றைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

பொழுது சாய, நாற்பதாம் நாள் வேன் வந்தது. விஜயனையும் சேர்த்துப் பதினொரு பேர், தாளத்தோடும் பாட்டோடும் இறங்கினார்கள். நேசம்மா கேட்டைப் பூட்டி, கிரில்லுக்கு உள்ளே நின்றாள். சலோமி அவள் பின்னால்.

"கதவைத் தொறங்க சிஸ்டர். நேரமாச்சு."

"தொறக்கமாட்டேன். அவர் செத்துட்டாரு. ஞாயித்துக்கிழமை ஆராதனை."

விஜயனின் முகம் கறுத்தது. "முப்பத்தொன்பது நாள் நாங்க உபவாசம் இருந்திருக்கோம். ஒங்க வீட்டுக்காரருக்காக. கடைசி நாள்ல கழுத்தை அறுக்கறீங்களே."

"எம் புருஷனுக்காக ஒரு தடவை அழ விட்டீங்களா?" அவள் குரல் தெரு முழுக்கக் கேட்டது. மாரியாயி வாசலுக்கு வந்துவிட்டாள். "நீங்க கூப்பிட்டதுக்கு எது வந்துச்சுன்னு தெரியுமா? எம் பிள்ளை தாழ்ப்பாளைத் தொறக்கப் பார்த்துச்சு. இனிமே என் வாசல்ல அந்தப் பேரைச் சொல்லாதீங்க. அவ்வளவு ஆசைன்னா ஒங்க வீட்டுக்குக் கூப்பிட்டுக்குங்க."

ஆத்திரத்தில் சொன்ன வார்த்தை. சொன்ன மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் விஜயன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். குழுவைத் திருப்பி நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, இருட்டும் தெருவைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார்.

"சகோதரன் சீவரத்தினம், இந்த வீடு உங்களைத் தள்ளிடுச்சு. எங்க வீடு தள்ளாது. விசுவாசத்தினால கூப்பிடறோம். எங்ககூட வாங்க."

பதினொரு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டார்கள். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று.

எரியாத விளக்குக் கம்பத்தின் கீழே இருந்த இருட்டு அசைந்தது.

"அண்ணே, வேண்டாம்," என்று கத்தினாள் நேசம்மா. கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. "வேன்ல ஏறாதீங்க. கண்ணைத் தொறந்து பாருங்க." கிரில்லைப் பிடித்து உலுக்கினாள். சாவி இடுப்பில் இருந்தது, கைக்கு அகப்படவில்லை. அவர்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அவிசுவாசியின் சத்தம் காதில் விழக் கூடாது என்று இன்னும் உரக்கப் பாடினார்கள். பாடிக்கொண்டே ஏறினார்கள். ஏறியவர்களின் பாரத்தில் வேன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசி ஆளும் ஏறிய பிறகு, இன்னொரு தடவை இறங்கியது.

நேசம்மா சலோமியின் கண்ணைப் பொத்தி, உதட்டுக்குள் ஆண்டவரே ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டே நின்றாள். முன் சீட்டில் விஜயன். உள் விளக்கு எரிந்தது. எல்லாரும் கண்ணை மூடிக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். விஜயனுக்கு நேர் பின்னால், இரண்டு பெண்களுக்கு நடுவே, இரண்டு மாதம் தண்ணீரில் கிடந்த முகம் ஒன்று உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. அது நேசம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. விஜயனின் பிடரியையே பார்த்தபடி, மற்றவர்களோடு சேர்ந்து, கொஞ்சம் தாளம் தப்பி, கை தட்டிக்கொண்டிருந்தது.